பத்து மணிக்குத் திறக்கும் கத்திகள்

மல்கடூ என்ற எங்கள் ஊரில், கிளாரி பெத்தரிக் வீட்டு முன்னறைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பேனாக்கத்திகளில், செத்துப்போனவர்களுடைய கத்திகள் மட்டும் தினமும் காலை பத்து மணிக்குத் தாமாகத் திறந்துகொண்டு, பத்து இருபதுக்குத் தாமாக மடங்கின. இதை ஊர் முதன்முதலில் அறிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் மே மாதம். அந்த மாதம் கம்பளி ராத்தல் எண்பது பென்ஸுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ரயில் இரண்டு தடவை தாமதமாக வந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வழக்கம்போல முட்டை நாற்றம் அடித்தது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பத்து மணி என்பது எங்கள் பக்கத்தில் ஸ்மோக்கோ நேரம். தண்டவாளத்துக்குக் கட்டை மாற்றுகிறவன், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிறவன், வேலிக்குக் குழி தோண்டுகிறவன் யாராக இருந்தாலும் அந்த இருபது நிமிஷம் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பான். உட்கார்ந்ததும் கால்சட்டைப் பையிலிருந்து கத்தி வெளியே வரும். புகையிலைக் கட்டியைச் சீவ, உப்பிறைச்சியைத் துண்டு போட, ஆப்பிள் தோலை உரிக்க, விரலில் ஏறிய சிராயைப் பிடுங்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒன்றும் இல்லையென்றால் சும்மா ஒரு குச்சியைச் செதுக்கிக்கொண்டு, அடுத்தவனைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். பத்து இருபதுக்குக் கத்தியை மடக்கித் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்திருப்பான். ஐம்பது வருஷப் பழக்கம், செத்த உடனே விட்டுப்போகும் என்று எதிர்பார்ப்பதும் தப்புதான்.

கிளாரி ரயில் பாதை கேங்குக்கு மேஸ்திரி. கத்தி சேர்க்க வேண்டும் என்று அவன் திட்டம் போட்டுச் சேர்க்கவில்லை. பாதையோரம் யாரோ தவறவிட்ட கத்தியை எடுத்துவைத்தான், கேட்டு வருவார்கள் என்று. வரவில்லை. பிறகு ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தான். பிறகு ஒரு விதவை, புருஷன் கத்தியை வீட்டில் வைத்திருக்கவும் மனமில்லாமல் வீசவும் மனமில்லாமல், இவனிடம் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு எல்லா விதவைகளும் கொண்டுவந்தார்கள். முதலில் புகையிலை டப்பாக்களில் போட்டுக் கொட்டகையில் வைத்தான். ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழுந்தது. அடுத்ததாகத் தோலில் பை தைத்துச் சுருட்டி வைத்தான். தோலில் பதனிடும்போது ஏறிய உப்பு பித்தளையைப் பச்சையாக்கிவிட்டது. கொம்புப் பிடிகளை ஒரு சின்ன வண்டு துளைத்துத் தின்றது. கடைசியில், அவன் மனைவி தெல்மா தன் பீங்கான் சாமான்களை வைத்திருந்த அலமாரியைக் காலி செய்துவிட்டு, அந்த இடத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடி மூடிப் பெட்டி ஒன்று செய்தான். ஹோட்டலில் தூக்கிப் போட்ட பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியை உள்ளே விரித்தான். ஒவ்வொரு கத்திக்கும் செப்புக் கம்பியில் இரண்டு வளையம். அடியில் காகிதத் துண்டில் சொந்தக்காரன் பெயர், தெல்மாவின் கையெழுத்தில்.

"என் பீங்கான் எல்லாம் அடுப்படித் தரையில கெடக்கு. உன் துருப்பிடிச்ச சனியனுங்களுக்கு மெத்தை விரிக்கிறியா?" என்று தெல்மா கேட்டாள். கேட்டுக்கொண்டேதான் பெயர் எழுதினாள்.

முதலில் பார்த்ததும் அவள்தான். கிளாரி பாதையில் இருந்தான். அவள் முன்னறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் கிளுக், கிளுக் என்று வரிசையாகச் சத்தம் வந்தது. கொட்டகை டப்பாக்கள் பல வருஷமாகக் காலை வேளையில் கடகடத்ததை எலி என்று நினைத்திருந்தவள் அவள். இப்போது கண்ணாடி வழியே எலி இல்லை என்பது தெரிந்தது. அறுபது கத்தியில் முப்பத்தெட்டு திறந்திருந்தன. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். சாயங்காலம் கிளாரி வந்து காலணியைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "நான் எவனெவன் சாவுக்கு சாண்ட்விச் செஞ்சு அனுப்பினேனோ, அவனவன் கத்தி மட்டும்தான் திறந்திருக்கு."

கிளாரி மறுநாள் விடுப்பு எடுத்துப் பார்த்தான். அவள் சொன்னது சரியாக இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு மாதம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பிறகு ஓய்ந்துவிட்டது. பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, கத்திகளைப் பற்றித் திருச்சபை எதுவும் சொன்னதில்லை என்றார். பெர்ட் க்வில்ட்டி என்பவன் பீருக்கு ஈடாகக் கொடுத்துவிட்டுப் போன கத்தி ஒன்று பெட்டியில் மடங்கியே இருந்தது. ஐம்பத்தைந்தில் ஒரு வியாழக்கிழமை அதுவும் திறந்தது. பதினொரு மணிக்கு, கரும்புத் தோட்டத்தில் லாரி கவிழ்ந்து பெர்ட் போய்விட்டான் என்று வடக்கிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு விஷயம் வேறாகிவிட்டது. உயிரோடு இருந்தவர்களில் சிலர் வந்து தங்கள் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "என் சாவு எனக்கு முன்னாடி தெல்மாவுக்குத் தெரியணுமா?" என்றான் ஒருவன். வேறு சிலர், தூரத்தில் இருக்கும் மகனுடைய, தம்பியுடைய கத்திகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படி வந்தவள்தான் யூனா ஸ்ட்ராகன்.

யூனா எங்கள் ஊர்த் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை நடத்தினாள். தாய் தகப்பன் இல்லை. தம்பி டெஸ் மட்டும், அவளைவிட மூன்று வயது இளையவன், கம்பளிக் கொட்டகைகளில் மூட்டை கட்டும் வேலை. ஐம்பத்தெட்டில் அவன் சார்லவில் என்ற ஊரில் ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஹோட்டலிலிருந்து அவளுக்குப் போன் போடுவான். அந்தப் பேச்சு யூனாவின் இணைப்புப் பலகை வழியாகத்தான் போகவேண்டும். கேட்கக்கூடாது என்பது விதி. கேட்காத எக்ஸ்சேஞ்ச்காரி எந்த ஊரிலும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை டெஸ், கல்யாணம் செய்துகொண்டு கடற்கரைப் பக்கம் போய் இருந்துவிடலாமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் யூனா வயரை உருவிவிட்டாள்.

ஏன் செய்தாள் என்றால், வீட்டில் தனியாக இருக்க அவளுக்குப் பயம். அவ்வளவுதான். அந்தப் பக்கம் பெண், கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டானே, விளையாடுகிறானா என்று நினைத்தாள். இந்தப் பக்கம் டெஸ், கேட்டதும் வைத்துவிட்டாளே என்று நினைத்தான். இரண்டு பேருக்கும் ரோஷம். ஐந்தாறு வாரத்தில் அவளுக்கு ஒரு மருந்துக்கடைக்காரனோடு நிச்சயம் ஆகிவிட்டது. சேதி கேட்டு டெஸ் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது யூனாவே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவன் கையிலிருந்த கத்தியை மடக்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். எங்கள் பக்கத்து ஆண்கள் சொந்தக் கத்தியால்தான் இறைச்சி வெட்டிச் சாப்பிடுவார்கள். அதை மேசையில் விட்டுவிட்டு எழுந்தால், இந்த வீட்டில் இனி ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். அதை வாயால் வேறு சொல்லவேண்டியதில்லை. அன்றைய சரக்கு ரயிலில் ஏறிப் போனவன்தான், கடிதம் இல்லை, தகவல் இல்லை.

மூன்று மாதம் கழித்து யூனா அந்தக் கத்தியை கிளாரியிடம் கொண்டுவந்தாள். அவளே தபாலில் தருவித்து அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. மற்றவர்கள் கத்தியெல்லாம் எலும்பு, கொம்பு, மரம் என்று மங்கலாக இருக்கும். இதன் பிடி செலுலாய்டு என்ற பிளாஸ்டிக். தேனும் பாலும் கலந்து சுழற்றியதுபோல, வெளிச்சத்தில் பிடித்தால் மிட்டாய் மாதிரி மின்னும். கிளாரிக்கு அழகுணர்ச்சி உண்டு. கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதைப் பெட்டியின் நட்டநடுவில் வைத்தான்.

அன்று முதல் தினமும் பத்தாவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது யூனா வந்து பெட்டியின் முன்னால் நிற்பாள். அந்த அரைமணி நேரம் மல்கடூவில் யாரும் யாருக்கும் போன் பேச முடியாது. பத்து மணிக்குப் பெட்டி முழுக்கக் கிளுக் கிளுக் என்று திறக்கும். நடுவில் டெஸ்ஸின் கத்தி மட்டும் மடங்கியபடி கிடக்கும். அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திட்டத் தொடங்குவாள். "உசுரோடதான் இருக்கான், கழுதை. ஒரு கார்டு போட நாலு பென்ஸ் இல்லையாமா தொரைக்கு?" தெல்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, நடை தளர்ந்து வந்தவள் நிமிர்ந்து போவாள். இப்படிப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள், சொல்லவே இல்லை.

அறுபத்தைந்தில் பெரிய பஞ்சம். மழை இல்லை, புல் இல்லை, காற்று மட்டும் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் செங்கல் நிறமாகி, வீட்டுக்குள் விளக்கு ஏற்றவேண்டி வரும். தட்டில் மண், படுக்கையில் மண், பெட்டிக்குள்ளும் மண். கத்தியின் மூட்டில் மண் புகுந்தால் அரைத்துவிடும் என்று கிளாரிக்குப் பயம். கண்ணாடியின் நான்கு ஓரத்துக்கும் பட்டி வைத்து, மூடிக்குக் கீழே கம்பளி ஒட்டி, காற்றுப் புகாமல் அடைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை மட்டும் திறந்து, தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து மூடுவான். மண்காற்று வீசுகிற எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். புத்திசாலித்தனமான காரியம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஸ்டேன் கோர்மனின் கத்தி சரியாகத் திறக்கவில்லை. டெஸ்ஸின் கத்திக்கு இடது பக்கம் இருந்தது அது. பத்து மணிக்கு அலகு கால்வாசி எழும்பி, அங்கேயே நின்று இருபது நிமிஷமும் நடுங்கியது. ஸ்டேனின் மனைவி ஐவி வந்து பார்த்தாள். ஐவி வாய்க்காரி, ஊரில் அவளுக்குப் பயப்படாதவர்கள் குறைவு. அன்று அவள் சத்தமே போடவில்லை. "உக்கார முடியாம நிக்கறாரே, கிளாரி. இடுப்புவலிக்காரர். நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு கெடந்தவர் அந்த இருபது நிமிஷம்தான் உக்காருவார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் வலது பக்கக் கத்தியும், பிறகு மேலும் கீழுமாக இன்னும் ஆறும் அப்படி ஆயின. பித்தளை பச்சையாக வியர்த்தது. அலகில் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்தது. கிளாரி தேய்த்தான், எண்ணெய் மாற்றினான், துணி மாற்றினான். தேய்த்த இடத்தில் ஒரு வாரத்தில் மறுபடி துரு.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தெல்மாவின் கெட்டில் ஆவி என்றார்கள். விதவைகள் கண்ணாடிமேல் சாய்ந்து அழுவதால் வரும் ஈரம் என்று ஹோட்டல்காரன் சொன்னான், அதற்கு ஐவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் காரணத்தைச் சொன்னது வெளியூர் ஆள். சிரில் வைக்ஸ் என்று ஒருவர், சீப்பும் கொண்டை ஊசியும் விற்க வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் பெட்டியைத் திறக்கச் சொல்லி மூக்கை உள்ளே விட்டார்.

"கற்பூரம் மாதிரி வாடை வருது பாருங்க. அதுக்கு அடியில ஒரு புளிப்பு. செலுலாய்டு சீப்பு பழசானா இப்படித்தான் மூச்சு விடும். ஒரு தடவை பூட்டின பெட்டியில சீப்பையும் கத்தரிக்கோலையும் ஒண்ணா வச்சேன், கத்தரிக்கோல் பூரா அரிச்சுப்போச்சு. உங்க பெட்டியில எது செலுலாய்டு?"

எல்லோர் கண்ணும் பெட்டியின் நடுவுக்குப் போனது. துருவெல்லாம் ஒரு வட்டமாக இருப்பதும், வட்டத்தின் நடுவில் மிட்டாய்போல மின்னிக்கொண்டு டெஸ்ஸின் கத்தி இருப்பதும் அதுவரை ஒருவர் கண்ணிலும் படாமல் போனது ஆச்சரியம்தான். பெட்டியை அடைக்காமல் விட்டிருந்தால் அந்தப் புளிப்புக் காற்று வெளியே போயிருக்கும். மண்ணுக்குப் பயந்து விஷத்தைப் பூட்டிவைத்தான் கிளாரி. திரும்பத் திறந்துவைத்தாலும் அந்தக் கத்தி பக்கத்தில் இருக்கும்வரை மற்றவற்றுக்கு ஆபத்துதான் என்று சீப்புக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கொட்டகைக்கு மாற்றிய ஒரு மாதத்தில் ஸ்டேனின் கத்தி முழுதாகத் திறந்தது. ஐவி கேக் செய்து கொண்டுவந்தாள்.

இப்போது கஷ்டம் யூனாவுக்கு. கொட்டகையில் தனியாக இருக்கும் கத்தி, டெஸ் செத்தால் திறக்குமா? கிளாரி பரீட்சை செய்து பார்த்தான். பேடி டீகன் என்று அவன் கேங்கில் வேலை செய்து செத்தவனின் கத்தியைத் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் வைத்தான். பத்து மணிக்கு அது அசையவே இல்லை. பக்கத்தில் இன்னொரு செத்தவன் கத்தியை வைத்ததும் இரண்டும் திறந்தன. பெட்டியே இல்லாமல் மேசைமேல் வைத்தாலும், இரண்டாக இருந்தால் திறந்தன. தெல்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "எவன் தனியா உக்காந்து ஸ்மோக்கோ டீ குடிப்பான்? துணை வேணும்ல." அப்படியானால் உயிரோடு இருப்பவர் துணை போதுமா என்று பார்க்க, கிளாரியே டீயோடு பேடியின் கத்திமுன் உட்கார்ந்தான். திறந்தது. மறுநாள் ஐவி உட்கார்ந்தாள். திறக்கவில்லை. பேடிக்கு ஐவியைக் கண்டால் ஆகாது. "செத்தும் திமிர் போகல பாரு" என்று அவள் எழுந்து போனாள். ஆக, செத்தவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களோடுதான் உட்காருகிறார்கள் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் கிளாரியின் முன்னறையில் ஏழெட்டுக் குடும்பம் கூடியது. யாரும் யூனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கப்பா கத்தி ஒண்ணு இருக்கு. அதை டெஸ் கத்தியோட வச்சிடலாம், துணைக்கு. துருப்பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது" என்றான்.

"உங்கப்பாவை ஏன் கெடுக்கறீங்க?" என்றாள் யூனா. "இத்தனை பேர் வீட்டு ஆம்பளைங்களை நிக்க வச்சது போதாதா? குடுங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"வீட்டுல யாரு துணைக்கு?"

"நான் இருக்கேன்ல."

கிளாரி தயங்கினான். அவனுக்கு வயர் கதை தெரியும், வருஷங்களுக்கு முன்பே அவள் பெட்டிமுன் நின்று சொல்லியிருந்தாள். "உன்கூட உக்காருவானா, யூனா? திறக்காம கெடந்தா என்னன்னு எடுத்துக்குவே? உசுரோட இருக்கான்னா? இல்ல, செத்தும் கோவம் தீரலைன்னா?"

"தெரியாமதான் கெடக்கட்டும். பத்து வருஷமா தெரிஞ்சு என்னத்தக் கிழிச்சேன்?" என்றாள். ஐவி எழுந்து, இதுவரை யாரையும் தொட்டுப் பேசியிராதவள், யூனாவின் தோளில் கைவைத்து வாசல்வரை கூடப் போனாள்.

அவள் அதைச் சாப்பாட்டு மேசையில், அவன் விட்டுப்போன அதே பக்கத்தில் வைத்தாள். அறையில் எப்போதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள், மண் வந்தாலும் சரி என்று. தினமும் பத்து மணிக்கு இரண்டு கோப்பையில் டீ ஊற்றி, எதிரில் உட்காருவாள். முதல் நாள் மன்னிப்புக் கேட்டாள். இரண்டாம் நாளும் கேட்டாள். ஒரு மாதம் கேட்டபிறகு அவளுக்கே அலுத்துவிட்டது. அப்புறம் ஊர்க்கதை சொல்லத் தொடங்கினாள். யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தப் பண்ணை ஏலத்துக்குப் போகிறது, பாதிரியாருக்கு எந்தக் குதிரைமேல் பந்தயம் என்று எக்ஸ்சேஞ்ச்காரிக்குத் தெரியாதது ஏது? சில நாள் கோபம் வந்து, "நீயும் போய் அவகிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல, சார்லவில் என்ன நிலாவிலயா இருக்கு?" என்று கத்துவாள். ஒரு தடவை மூன்று மாதம் அந்த அறைக்கே போகாமல் அடுப்படியில் நின்று டீ குடித்தாள். பிறகு போனாள். கத்தி எல்லா நாளும் மடங்கியே இருந்தது. எழுபத்து நாலில் எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் தேவையில்லை என்று மிஷின் வந்தது. ஊர் தானாகவே டயல் சுற்றிப் பேசிக்கொண்டது, அவளுக்கு ஊர்க்கதையும் குறைந்துபோனது. அதன்பிறகு பெரும்பாலும் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குள் அந்தப் பிடி வெடித்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கியிருந்தது. தேன் நிறம் போய்ச் சாம்பல் நிறம். கத்தி தன் மூச்சாலேயே தன் அலகையும் அரித்துக்கொண்டிருந்தது. இனி உள்ளே மூட்டு இறுகிப்போயிருக்கும், அவன் செத்தாலும் மன்னித்தாலும் திறக்க வழியில்லை என்று கிளாரி பார்த்துச் சொன்னான். எண்ணெய் விடட்டுமா என்று கேட்டான். யூனா வேண்டாம் என்றாள். அவனாக வரவேண்டும், எண்ணெய் விட்டுக் கூப்பிட்டதாக இருக்கக்கூடாது என்றாள். இது வீண் பிடிவாதம் என்று ஊரில் பலர் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

எழுபத்தேழில், ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை. ராத்திரி பனி விழுந்து, காலையில் புல் வெள்ளையாக இருந்தது. பத்து மணிக்கு யூனா அடுப்படியில் கெட்டிலை இறக்கிக்கொண்டிருந்தபோது மேசைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிளுக் என்று இல்லை, சாக்கைக் கிழிப்பதுபோல நீளமாக. அவள் கெட்டிலைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்தாள். கத்தி முழுதாகத் திறந்திருந்தது. துருப்பொடி மேசைவிரிப்பில் செம்மண்ணாகக் கொட்டியிருந்தது. கெட்டிலை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வேண்டாமென்றிருந்த சேதியும், வேண்டுமென்றிருந்த சேதியும் ஒரே நொடியில் வந்திருந்தன. எதற்கு அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகம் கழுவி, இரண்டு கோப்பையிலும் டீ ஊற்றினாள். பழக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி எதிரில் வைத்தாள். அப்புறம்தான் தெல்மாவுக்குப் போன் போட்டாள்.

"தெல்மா, டெஸ் போயிட்டான்."

"ஐயோ. யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. இங்க உக்காந்திருக்கான்."

தெல்மா அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. பெட்டிக் கத்திகள் மடங்கும் சத்தம் போனில் வரிசையாகக் கேட்டது. பிறகு அவள், "பத்து இருபது ஆச்சு. இங்க எல்லாம் எழுந்து போயாச்சு. அங்க?" என்றாள்.

"இங்க இல்ல."

பதினொரு மணிக்கும் மடங்கவில்லை. சாயங்காலம் கிளாரி வந்து பார்த்தபோதும் அப்படியே இருந்தது. மூட்டு அரித்துப்போனதால் சிக்கிக்கொண்டிருக்கும் என்று கிளாரி சொன்னான், அது அவன் தொழில் அறிவு. ஐவி, "வேலைக்குத் திரும்பிப் போக அவன் என்னிக்கு அவசரப்பட்டிருக்கான்?" என்றாள். இரண்டில் எது சரி என்று யாரும் சண்டை போடவில்லை. மூன்று வாரம் கழித்து மேற்குக் கோடியிலிருந்து, டெஸ்ஸை வேலைக்கு வைத்திருந்த வேலி கான்ட்ராக்டர் ஒருவர் கடிதம் எழுதினார். புதன்கிழமை விடியற்காலை, தூக்கத்திலேயே, வலி ஒன்றும் இல்லை, கல்யாணம் ஆகவில்லை, அக்கா ஒருத்தி இருப்பதாக எப்போதோ சொன்னான் என்று இருந்தது. யூனா படித்துவிட்டு, தெரியும் என்று சொல்லி இழுப்பறையில் போட்டாள்.

திறந்தபடியே கிடந்த கத்தியை அவள் அங்கிருந்து எடுக்கவில்லை. நாங்கள் போனால், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கோப்பைகளை வைத்துக்கொண்டு டீ குடிப்போம். நாங்கள் எழுந்து போனதும், ஈரத்துணியை எடுத்து, அதைச் சுற்றி மேசையைத் துடைப்பாள்.